காலைச் சாப்பாடு: புட்டும் சொதியுமா, பாணும் பழமுமா? உங்கள் வழக்கத்தையும் விருப்பத்தையும் அறிய விரும்புகிறேன்

நல்லூர் இல்லத்தரசி (கேள்வி)

வணக்கம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவில், தேரும் தீர்த்தமும் வருகின்ற கடைசி நாட்களில், எங்கள் வீடு வெளிநாடுகளிலிருந்து வரும் உறவினரால் நிறைந்துவிடும். சூரிச்சிலிருந்து தமையனார் குடும்பமும், ரொறன்ரோவிலிருந்து சின்னம்மாவின் மகளும் பிள்ளைகளும், கோலாலம்பூரிலிருந்து மாமி ஒருவரும் இம்முறையும் வருகின்றார்கள். மத்தியானம் சோறும் மரக்கறியும் என்றால் எல்லோரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டு எழும்புவார்கள். காலையில்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் நிற்கிறார்கள். தமையனாரின் பிள்ளைகள் குளிர்ந்த தயிரில் ஓட்சும் பழமும் கலந்து உண்பார்கள். ரொறன்ரோப் பிள்ளைகள் பெட்டியிலிருந்து கோர்ன் பிளேக்சைக் கொட்டிப் பாலூற்றிக் கொள்வார்கள். மாமியோ இடியப்பத்துக்குச் சொதியைத் தொடமாட்டார். தேங்காய்ப்பூவும் சர்க்கரையுமே வேண்டும் என்பார்.

என்னுடைய விருப்பத்தை மறைக்காமற் சொல்கிறேன். காலைச் சாப்பாடு என்றால் எனக்கு ஆவி பறக்க வேண்டும். வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிநீரை அளவறிந்து விட்டுக் குழைத்து, பேணியின் விளிம்பால் சிறு சிறு மணியாகக் கொத்தி, தேங்காய்ப்பூக் கலந்து, பனையோலை நீத்துப்பெட்டியில் அவித்துக் கொட்டுகின்ற புட்டுக்கு, குழலில் இறுக்கி அவிக்கின்ற புட்டு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம். ஓலைப்பெட்டியில் ஆவி தாராளமாகப் போய்வருவதால் மணிகள் ஒட்டாமல் உதிரியாக இருக்கும். உதிரியாக இருப்பதனாலேயே சொதியை நன்றாக உள்வாங்கும். அந்தச் சொதியையும் கவனமின்றி வைக்க முடியாது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றை, இரண்டாம் முறை பிழிந்த தேங்காய்ப்பாலான கப்பிப்பாலில் அவியவிட்டு, கடைசியில் முதற்பாலை விட்டு, அகப்பையால் ஆற்றிக்கொண்டே நின்று, கொதித்துப் பொங்கும் முன்னர் இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பின்னரே தேசிக்காய்ப் புளி விட வேண்டும். அடுப்பில் இருக்கும்போது புளியை விட்டால் பால் திரைந்துபோகும்.

இப்படி நின்று செய்த உணவைத் தள்ளி வைத்துவிட்டுக் குளிர்ந்த கிண்ணத்தைப் பிள்ளைகள் கையில் எடுக்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஆனாலும் அவர்களைக் குறை கூறுவதற்கு முன்னர், அந்தந்த நாட்டில் காலை உணவு ஏன் அப்படி அமைந்தது என்பதை அறிய விரும்புகிறேன். நீங்கள் வாழும் இடத்தில் காலையில் என்ன உண்கிறார்கள், உங்களுக்கு உண்மையில் எது விருப்பம், விருந்தினர் பிள்ளைகளுக்கு அவர்களது உணவைக் கொடுப்பதா நமது உணவைப் பழக்குவதா என்று எழுதுங்கள். திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை என்பதையும் கருத்திற் கொள்ளுங்கள்.

சூரிச்சில் வாழும் இணுவிலான்

அக்கா, உங்கள் தமையனாரின் பிள்ளைகள் உண்பது அவர்கள் வாழும் நகரத்திலேயே தோன்றிய உணவு. 1900ஆம் ஆண்டளவில் சூரிச்சில் நோயாளரைத் தங்கவைத்துச் சிகிச்சை செய்த மருத்துவர் மக்சிமிலியான் பிர்ஹர்-பென்னர், சமைக்காத பழமும் காயும் உடலுக்கு நல்லவை என்று உறுதியாக நம்பி, தம்முடைய நோயாளருக்காக அமைத்த உணவே இன்று உலகம் முழுவதும் மியூஸ்லி என்று அறியப்படுகின்றது. அவருடைய செய்முறையில் ஓட்ஸ் முதன்மையானதன்று. ஒரு மேசைக்கரண்டி ஓட்சை நீரில் ஊறவைத்து, அதனோடு அப்பிளைத் தோலோடு துருவிச் சேர்த்து, எலுமிச்சைச் சாறும், நம்மவர் தேநீருக்கு விடுகின்ற அதே இனிப்பான ரின்பாலும், பொடித்த கொட்டைகளும் கலப்பதே அவர் வகுத்த முறை. பழமே உணவு, தானியம் அதற்குத் துணை. இப்போது கடையில் பையில் விற்பது பெரும்பாலும் இதற்கு எதிர்மாறானது.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்தால் மகிழ்வீர்கள். அந்த மருத்துவர் அதைக் காலைக்கு மட்டும் உரியதாக வகுக்கவில்லை. இன்றைக்கும் இங்கே சில வீடுகளில் மாலையில் பாணும் பட்டரும் பால்கோப்பியும் வைத்து, அதனோடு ஒரு கிண்ணம் மியூஸ்லியை உண்டு இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்வார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தானே? புட்டு, இடியப்பம், தோசை மூன்றும் காலைக்கும் உரியவை, இரவுக்கும் உரியவை. மத்தியானச் சோறு மட்டுமே தனித்து நிற்கின்றது. காலைக்கென்றே தனியாக உணவு வைத்திருக்கும் வழக்கம் ஆங்கிலேயரிடம் வலுவாக இருக்கின்றது. பன்றி இறைச்சியும் முட்டையும் தக்காளிச் சாற்றில் அவித்த போஞ்சி விதையும் கொண்ட அவர்களது தட்டு காலைக்கே உரியது என்று எண்ணப்படுகின்றது. அங்கும் வேலைநாளில் அதை உண்போர் குறைவு.

சுவிஸ் மக்களின் அன்றாடக் காலை உணவு மிக எளிமையானது: பாண், பட்டர், ஜாம் அல்லது சீஸ், கோப்பி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பின்னல் போல முறுக்கிச் சுட்ட, பட்டரும் பாலும் சேர்ந்த வெண்ணிறப் பாண் மேசைக்கு வரும். அதன் மேல் முட்டை பூசிச் சுடுவதால் மேற்பரப்பு பொன்னிறமாக மினுங்கும். கையால் பிய்த்தால் உள்ளே நூல்நூலாக வரும். அந்தப் பாணை நான் மனமார விரும்புகிறேன்.

என்னுடைய சொந்த விருப்பத்தைக் கேட்டால், அது பருவத்தோடு மாறுகின்றது. மார்கழியில் இங்கே எட்டு மணிக்கும் சரியாக விடிவதில்லை. வெளியே உறைபனி கிடக்கும். அப்போது குளிர்ந்த கிண்ணத்தைக் கையால் தொடவும் எனக்கு மனம் வராது. சனிக்கிழமைகளில் இடியப்ப உரலை எடுத்துவிடுவேன். ஆனி, ஆடியில் அதே கிண்ணம் எனக்கு இனிக்கின்றது. ஆகவே பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். தயிர்ச்சட்டியிலிருந்து எடுத்த கட்டித் தயிரில், கதலி வாழைப்பழத்தையும் பப்பாசியையும் வெட்டிப்போட்டு, ஊறிய ஓட்சை ஒரு கரண்டி சேர்த்து, மேலே பனங்கட்டியைச் சீவித் தூவிக் கொடுங்கள். சூரிச்சிற் கிடைக்காத சுவை அதில் இருக்கும்.

ரொறன்ரோத் தாய்

அன்புள்ள அக்கா, பெட்டித் தானியத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் வீட்டில் அதுவே நடக்கின்றது. இதுவும் நோயாளருக்கான உணவாகத்தான் தொடங்கியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பற்றில் கிறீக் என்ற ஊரில், புலால் உண்பதைத் தவிர்க்கின்ற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ற் சபையினர் தொடங்கிய மருத்துவ நிலையத்தில் ஜோன் ஹார்வி கெலொக் என்ற மருத்துவர் தானியத்தை அவித்துத் தட்டையாக்கி வறுக்கும் முறைக்கு 1896இல் காப்புரிமை பெற்றார். அவருடைய தம்பி 1906இல் அதற்கென்று தனிக் கொம்பனியைத் தொடங்கினார். சைவ உணவுக்காரர் கண்டுபிடித்த உணவு என்பதால், உங்கள் விரதத்துக்கு அது எவ்வகையிலும் மாறானதன்று.

இங்கே அது நிலைத்ததற்குக் காரணம் நேரமே. கணவர் இரவு வேலை முடித்து வரும்போது நான் காலை வேலைக்குப் புறப்படுவேன். ஏழு வயதுப் பிள்ளை தானாக எடுத்துப் போட்டு உண்ணக்கூடிய வேறு உணவு எது? எனக்கு விருப்பமானது உங்கள் புட்டுத்தான். அங்கே நிற்கும் நாட்களில் எனக்கு அதையே தாருங்கள்.

பருத்தித்துறை மாலுமி

தங்கச்சி, நான் கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். துறைமுகத்தில் இறங்கினால் முதலில் காலைச் சாப்பாட்டுக் கடையைத் தேடுவது என் வழக்கமாக இருந்தது, ஏனெனில் மத்தியானமும் இரவும் வெளியூராருக்கென்று சமைக்கும் கடைகளும், காலையில் அவ்வூர் மக்களுக்கென்றே சமைக்கும்.

நான் உண்டவற்றுள் நம் வீட்டுக்கு மிக நெருங்கியது பர்மாவின் மொகிங்கா. விடியற்காலையில் ரங்கூன் தெருவோரத்தில் பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். கெளிறு இனத்து ஆற்றுமீனை அவித்து முள் நீக்கி, இஞ்சி, உள்ளி, மஞ்சள், வெங்காயம், சேரைப்புல் சேர்த்து, கடலை மாவோ வறுத்த அரிசி மாவோ கரைத்துத் தடிப்பாக்கி, அதற்குள் வாழைத்தண்டை வட்டமாக வெட்டிப் போட்டிருப்பார்கள். கடைக்காரப் பெண் அரிசிமா இழைகளை ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்திலிட்டு, மேலே அந்தக் குழம்பை ஊற்றி, மொறுமொறுவென்று பொரித்த பருப்பு வடையை நொறுக்கிப் போட்டு, தேசிக்காய்த் துண்டொன்றை வைத்து நீட்டுவாள். நம் வீட்டு இடியப்பமும் மீன் சொதியும் கடல் கடந்துபோய் வேறு உடை உடுத்து நிற்பதைப் போல எனக்கு இருந்தது. நாம் தேங்காய்ப்பால் விடுகின்ற இடத்தில் அவர்கள் கடலை மாவைக் கரைக்கிறார்கள். நாம் ஒட்டியும் விளைமீனும் போடுகின்ற இடத்தில் அவர்கள் ஆற்றுமீனைப் போடுகிறார்கள்.

யப்பானில் காலையில் சோறு உண்பார்கள். ஒரு கிண்ணம் வெண்சோறு, சோயா அவரையைப் புளிக்கவைத்த விழுதில் செய்த மிசோச் சாறு, உப்பிட்டுச் சுட்ட மீன் ஒரு துண்டு, உப்பில் ஊறிய காய் ஆகியவை சிறு சிறு பாத்திரங்களில் தனித்தனியாக வரும். புளிக்கவைத்த நாற்றோ என்ற சோயா அவரையும் சில வேளைகளில் இருக்கும். குச்சியால் கிளறிக் கிளறித் தூக்கினால் சிலந்தி நூல் போலப் பசைநூல் நீண்டுகொண்டே வரும். அதன் மணம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மற்றவை எல்லாம் மிக நன்று. 2013இல் யப்பானியரின் உணவு மரபை யுனெஸ்கோ தனது பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. அந்தச் சாறும் சோறும் துணைக்கறிகளும் கொண்ட அமைப்பே அம்மரபின் அடிப்படை.

உங்கள் கோலாலம்பூர் மாமியின் விருப்பத்துக்கும் காரணம் உண்டு. மலாயாவில் நம் இடியப்பத்தைப் புட்டு மாயம் என்று அழைத்து, தேங்காய்ப்பூவோடும் செம்மஞ்சள் நிறச் சர்க்கரையோடும் விற்பார்கள். அங்கே அது இனிப்பு உணவு. ஆங்கிலேயர் காலத்தில் புகையிரதத்திலும் கந்தோர்களிலும் வேலைக்கென்று யாழ்ப்பாணத்தார் பலர் அங்கு போனார்கள் அல்லவா? அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காலையில் தெருவிற் கிடைத்தது அதுதான். மாமிக்கு அது அவருடைய ஊர்ச் சாப்பாடு. அதைத் திருத்த முயலாதீர்கள்.

என் விருப்பம் காலையில் உப்பும் உறைப்பும் சாறும் மீனும். முதல்நாள் இரவு வைத்த மீன்குழம்பை மண்சட்டியில் சூடுகாட்டி, அதை அரிசிமாப் புட்டுக்கு விட்டு உண்பதற்கு நிகராக நான் எந்தத் துறைமுகத்திலும் எதையும் உண்டதில்லை. கொடி இறங்கும்வரை நானும் சைவந்தான். பூங்காவனமும் முடிந்து சட்டி பானை மாற்றிய பிறகு, உங்கள் விருந்தினர் எவரேனும் நின்றால் பருத்தித்துறைக்கு அனுப்பிவையுங்கள்.

ஓய்வுநிலைக் குடும்பநல உத்தியோகத்தர், கோண்டாவில்

பிள்ளை, எல்லோரும் சுவையைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். ரொறன்ரோத் தங்கச்சி மட்டும் நேரத்தைப் பற்றி எழுதினார். அவர் தொட்ட இடத்திலிருந்தே நான் தொடங்குகிறேன்.

சூடான உணவு நமது, குளிர்ந்த உணவு பிறரது என்ற உங்கள் எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் காலையில் என்ன உண்டார்கள்? புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் விடிய முன்னர் தண்ணீர் இறைக்கப் போனவர்களுக்கு எவர் அந்நேரம் புட்டு அவித்தார்கள்? வேலை ஓய்கின்ற வேளையில் அவர்கள் உண்டது பழஞ்சோறு. இரவு மிஞ்சிய சிவப்பரிசிச் சோற்றில் நீர் ஊற்றி மண்சட்டியில் மூடிவைத்தால், காலையில் அது மெல்லிய புளிப்பேறி நிற்கும். அதைப் பிழிந்தெடுத்து, கட்டித் தயிரோ தேங்காய்ப்பாலோ விட்டு, சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் வெட்டிப் போட்டு, முதல்நாட் கறியில் மிச்சமிருந்ததையும் சேர்த்துக் குழைத்து, எங்கள் அம்மா உருண்டையாக உருட்டி ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் வைப்பார். பிழிந்த தண்ணீரில் உப்பிட்டுக் குடிப்போம். அதற்கு விறகும் வேண்டாம், விடிய எழும்பவும் வேண்டாம். வங்காளத்தில் இதையே பாந்தா பாத் என்றும் ஒடிசாவில் பகாளா என்றும் உண்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டு நாளில் வங்காளதேசத்து நகரத்தார் பாந்தா பாத்தைப் பொரித்த இலிஷ் மீனோடு விழாவாகவே உண்பார்கள். சோறு உண்கின்ற நாடுகளில் வெயிலும் வயல்வேலையும் உள்ள பல இடங்களில் இந்தக் குளிர்ந்த காலைச் சாப்பாடு இருக்கின்றது.

புட்டு காலை உணவாக நிலைத்த வீடுகளில், விடிய நாலரைக்கு எழும்பித் தேங்காய் திருவியவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நான் கடமை செய்த கிராமங்களில், மாதம் நிரம்பிய வயிற்றோடு அடுப்படியில் குந்தியிருந்து இடியப்ப உரலை அழுத்திய பெண்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் சாப்பிட இருக்கும்போது சொதி தீர்ந்திருக்கும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் அரிதாகிய காலத்தில், குரக்கன் மாவையும், காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவையும் வைத்து வீட்டாரின் பசியைப் போக்கியவர்களும் அவர்களே. ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து வடித்து மாற்றிக் கசப்பை நீக்கிய பின்னரே அவிக்கலாம். அதற்கும் முதல்நாளே ஆயத்தம் செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் தொழில் பழக்கத்தாற் சொல்கிறேன். நம் காலைத் தட்டு மாப்பொருளால் நிறைந்திருக்கின்றது. யப்பானியத் தட்டில் மீனும் அவரையும் இருப்பதைக் கவனியுங்கள். துருக்கியர் காலையில் சீஸ், ஒலிவ், தக்காளி, வெள்ளரி, முட்டை என்று பரப்பிவைத்துப் பாணோடு உண்பார்கள் என்று அங்கே படித்த என் மகள் சொல்வாள். நாமும் புட்டோடு ஒரு பிடி அவித்த பாசிப்பயறு வைக்கலாம். முருங்கையிலையை மாவோடு கலந்து புட்டு அவிப்பது நம் வழக்கந்தான், அதை விட்டுவிட்டோம். திருவிழாக் காலத்தில் முட்டை இல்லாத குறையைப் பயறு தீர்க்கும்.

என் விருப்பம் பழஞ்சோறு. பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

நல்லூர் இல்லத்தரசி

எல்லோருக்கும் நன்றி. அம்மா, பழஞ்சோற்றைப் பற்றி நீங்கள் எழுதியதை இவரிடமும் வாசித்துக் காட்டினேன். தேங்காய் திருவுவதும் உரல் பிழிவதும் இனி இவருக்கும் தமையனாருக்கும் உரிய வேலைகள் என்று முடிவாகிவிட்டது. மாக்குழைக்கும் பதத்தை மட்டும் நான் எவருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். சூடான புட்டின் மேல் எனக்குள்ள பற்றும் குறையவில்லை.

ஆனால் பழஞ்சோற்றைத் திருவிழா நாட்களில் என்னால் வைக்க முடியாது. விரத வீட்டில் முதல்நாட் சோற்றை வைத்து உண்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தீர்த்தமும் பூங்காவனமும் முடிந்த மறுநாட் காலை, மண்சட்டியும் சின்ன வெங்காயமும் தயிருமாகப் பிள்ளைகளை முற்றத்தில் இருத்தி உருண்டை பிடித்துக் கொடுக்கப் போகிறேன். அதற்கு முந்திய நாட்களில் புட்டும் சொதியும் பயறும் ஒரு பக்கம், மாமிக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஒரு பக்கம்.

தேரன்று மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். தேர் காலையிலேயே இருப்பை விட்டுப் புறப்பட்டுவிடும். வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். விரதகாரர் பாலும் பழமும் மட்டுமே எடுப்பார்கள். தம்பி, நீங்கள் சொன்ன மருத்துவரின் செய்முறையில் ஓட்சை நீக்கினால் எஞ்சுவது கிட்டத்தட்ட அதுதானே? சூரிச்சுப் பிள்ளைகள் அன்றைக்கு எங்களோடு ஒரே பாயில் இருந்து, தங்களுக்குப் பழகிய உணவையே விரத உணவாக உண்ணலாம். கதலிக் குலையொன்றுக்கு இன்றைக்கே பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையிற் சொல்லிவைக்கிறேன்.